அறிவித்த பணமும் வந்து சேர்ந்த பணமும்: அகதிகளுக்கான உதவியை அரசுகள் திட்டமிடும் விதம்

கேள்வி இதுதான்: மாநாடு கூட்டிப் பல நூறு கோடி டாலர் அறிவிக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து ஏதோ ஒரு முகாமில் ரேஷனைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான உதவியை அரசுகள் எப்படித்தான் திட்டமிடுகின்றன? திட்டம் என்று ஒன்று உண்டா?

உண்டு. ஏகப்பட்டவை உண்டு, பாதிச் சிக்கல் அதனால்தான். மீதிப் பாதி காலண்டரில் இருக்கிறது. உதவி தரும் அரசு ஆண்டுக்கு ஒரு பட்ஜெட் போடுகிறது. ஊரை விட்டு ஓடிவந்தவரோ ஒரு தலைமுறைக் காலம் திரும்பிப் போக முடியாமல் இருந்துவிடுகிறார். கென்யாவின் தாதாப் முகாம்கள் 1991-இல் சோமாலியாவிலிருந்து வந்த சுமார் 90,000 பேரை மனத்தில் வைத்துத் திறக்கப்பட்டவை. 2011-இல் அங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். முகாமில் பிறந்தவர்களுக்கே இப்போது முகாமில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த முகாமுக்கான பணத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ரேஷன் குறைப்பு என்பது இந்தக் காலண்டர் கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், 2017 ஆகஸ்டில் தொடங்கி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கு மாதம் 12 டாலர் மதிப்புள்ள உணவு கிடைத்துவந்தது. 2023 மார்ச்சில் அது 10 டாலரானது, ஜூனில் 8 டாலரானது. எட்டு டாலரை முப்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 27 சென்ட். வெளியே போய்ச் சட்டப்படி வேலை செய்யவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. யாரும் கணக்குப் போட்டு, எட்டு டாலர் போதும் என்று முடிவு செய்யவில்லை. ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டத்தின் கையிருப்பு அவ்வளவுதான் இருந்தது. 2024-இல் படிப்படியாக மீண்டும் உயர்த்தினார்கள்.

உலக உணவுத் திட்டம் முழுக்க முழுக்க நாடுகள் விரும்பித் தரும் நன்கொடையில் ஓடுகிறது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகத்துக்கு ஐ.நா.வின் நிரந்தர பட்ஜெட்டிலிருந்து வருவது ஏறத்தாழ ஒரு சதவீதம்; மற்றதெல்லாம் கேட்டுப் பெறுவதே. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஐ.நா. அமைப்புகளும் கூட்டாளிகளும் சேர்ந்து நாடு வாரியாகத் தேவையை மதிப்பிட்டு, கூட்டி, உலகத்தின் முன் ஒரு வேண்டுகோளாக வைக்கிறார்கள். 2023-க்கான மொத்த வேண்டுகோள் கிட்டத்தட்ட 5,670 கோடி டாலர், பாதிகூட வரவில்லை. வந்ததிலும் பெரும்பகுதி 'இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு' என்று முடிச்சுப் போட்டே வருகிறது. செய்தியில் அடிபடும் நெருக்கடிக்கு முடிச்சுகள் குவியும். செய்தியிலிருந்து இறங்கிவிட்ட நெருக்கடிக்கு ஒன்றும் வராது. அங்கிருந்து எடுத்து இங்கே செலவழிக்கவும் முடியாது.

உதவி தரும் அரசின் அலுவலகத்துக்குள் நுழைந்து பார்த்தால் இன்னொரு விசித்திரம் தெரியும். பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்த ஏற்பாட்டில், எல்லையைக் கடந்துவிட்ட அகதிக்கான செலவை வெளியுறவுத் துறையின் மக்கள்தொகை, அகதிகள், குடிபெயர்வுப் பிரிவு பார்த்தது. எல்லையைக் கடக்காமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவரை அந்நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு பார்த்தது. ஒரே கிராமத்தின் இரண்டு குடும்பங்கள். ஒன்று ஆற்றைக் கடந்தது, மற்றொன்று கடக்கவில்லை. இருவரின் கோப்பும் வெவ்வேறு அலுவலகத்தில், வெவ்வேறு விதிகளோடு. ஜெர்மனியில் வேறு வகையான பிரிவினை: அவசர மனிதாபிமான உதவி வெளியுறவு அமைச்சகத்தில், வளர்ச்சி உதவி அதற்கான தனி அமைச்சகத்தில். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இப்படித்தான் இரண்டு தனித்தனித் தலைமை இயக்ககங்கள்.

பிரிவினைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அவசர உதவி, யார் பக்கமும் சாயாமல், போகும் இடத்து அரசைக் கலக்காமல்கூடப் போக வேண்டும். வளர்ச்சி உதவி அந்த அரசோடு கையெழுத்திட்டுப் பல ஆண்டுகளுக்கு நடக்க வேண்டியது. ஆனால் பதினைந்தாவது ஆண்டாக முகாமில் இருப்பவர் இரண்டு பெட்டிக்கும் பொருந்த மாட்டார். அவசரக்காரர்கள் 'இது இனி அவசரமல்ல' என்பார்கள்; வளர்ச்சிக்காரர்கள் 'இவர் இந்நாட்டுக் குடிமகன் அல்ல' என்பார்கள். இந்த இடுக்கை அடைக்கத்தான் உலக வங்கி 2017-இல் ஏழை நாடுகளுக்கான தன் நிதியில், அகதிகளுக்கும் அவர்களை ஏற்ற சமூகங்களுக்குமென 200 கோடி டாலரில் ஒரு தனிச் சாளரம் திறந்தது. என் கணிப்பில், 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் உலக உடன்படிக்கையின் அழகான சொற்களைவிட இந்தச் சாளரம்தான் அதிக வேலை செய்திருக்கிறது.

'வெளிநாட்டு உதவி' என்ற தலைப்பில் எழுதப்படும் பணம் வெளிநாட்டுக்கே போகாமல் இருப்பதும் உண்டு. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் விதிப்படி, ஒரு நாடு தன் மண்ணில் வந்து சேர்ந்த அகதிக்கு முதல் பன்னிரண்டு மாதம் செய்யும் செலவை உதவிக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் 2023-இல் இப்படிக் காட்டியது சுமார் 430 கோடி பவுண்டு, அந்த ஆண்டின் மொத்த உதவியில் 27.9 சதவீதம். அதில் பெரும் தொகை ஹோட்டல் வாடகை. உதவியின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு இருப்பதால், உள்நாட்டில் ஹோட்டல் செலவு ஏறஏற, கடல் கடந்து போக வேண்டிய தொகை இறங்கும். பிரிட்டன் 2015-இல் மொத்தத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்குத் தருவதென்று சட்டமே போட்ட நாடு. 2021-இல் அதை 0.5 ஆக்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. விதியை யாரும் மீறவில்லை என்பதுதான் வேடிக்கை.

சரி, பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். களத்தில் திட்டமிடுவது எப்படி இருக்கும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் எல்லையைக் கடந்து வந்துவிட்டார்கள். மனிதாபிமான அமைப்புகள் பொதுவாகப் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல்படி, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். ஆக 15 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி என்றால் தினமும் 150 நடை. மழை பெய்து மண் சாலை சேறானால் இந்த 150 பாதியாகும். கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. முதலில் 2,000, பிறகு 5,000. கூரைக்கு அடியில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். பாதை, பள்ளி, மருத்துவமனை, தீ பரவாமல் இருக்க விடும் இடைவெளி, சிறு தோட்டம் எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 45 சதுர மீட்டர். மொத்தம் 450 ஹெக்டேர்.

இதில் லாரித் தண்ணீர்தான் திட்டமிடுபவர்களின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் மாதம் லாரியைத் தவிர வழியில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணறும் குழாயும் போட்டால் நீண்ட காலத்தில் செலவு பலமடங்கு குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் லாரி ஆண்டுக்கணக்கில் ஓடும். காரணம், குழாய்த் திட்டத்துக்கு மூன்றாண்டுப் பண உறுதி வேண்டும். கையிலிருப்பது பன்னிரண்டு மாத ஒப்பந்தம். அவசர நிதியின் விதியோ, ஒப்பந்தம் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துத் தீர்க்கச் சொல்கிறது. லாரி அந்த விதிக்கு அழகாகப் பொருந்துகிறது. கழிப்பறையிலும் இதே கதைதான். கட்டித் திறந்து, பெயர்ப்பலகை மாட்டிப் படம் எடுக்கப் பணம் தருபவர்கள் கிடைப்பார்கள். ஓராண்டில் குழி நிரம்பியபின் அள்ளி எடுத்துப் போய்ச் சுத்திகரிக்கப் பணம் தருபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்து, அந்த 450 ஹெக்டேர் யாருடையது? சும்மா கிடந்த நிலம் என்று எதுவும் இல்லை. காக்ஸ் பஜாரில் அது மலைக்காடு, யானைகளின் வழித்தடமும்கூட. வந்தவர்கள் குடிசை போடவும், சோறாக்க விறகுக்கும் மரங்களை வெட்டினார்கள், வேர்வரை தோண்டினார்கள். ரேஷன் திட்டத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருந்தன. அதை எதில் சமைப்பது என்பது தொடக்கத் திட்டத்தில் சரியாக எழுதப்படவே இல்லை. 2018-இலிருந்து சமையல் எரிவாயு சிலிண்டரும் அடுப்பும் கொடுக்க ஆரம்பித்தபின்தான் காட்டுக்கு மூச்சு வந்தது. எரிவாயு தரும் திட்டத்தில் உள்ளூர்க் குடும்பங்களையும் சேர்த்தார்கள். அது தாராள மனத்தால் மட்டும் வந்ததல்ல. முகாமின் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஏழை, அந்தப் பக்கம் சிலிண்டர் போவதை எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருப்பான்?

இதை முன்கூட்டியே விதியாக்கிய நாடு உகாண்டா. அகதிகளுக்கென வரும் உதவியில் 30 சதவீதம் அவர்களை ஏற்ற உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் கொள்கை. தனிமுகாம் கிடையாது, குடியேற்றப் பகுதி. வந்தவருக்கு ஒரு துண்டு நிலம், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை செய்யவும் நடமாடவும் உரிமை. பள்ளியும் மருத்துவ நிலையமும் இரு தரப்புக்கும் பொது. தெற்கு சூடானிலிருந்து வந்தவர்களுக்காக 2016 ஆகஸ்டில் திறந்த பிடிபிடி என்ற குடியேற்றப் பகுதி, சில மாதங்களில் இரண்டரை லட்சம் பேரைத் தாண்டியது. அதன் நிலத்தைத் தந்தவர்கள் அங்கே வழிவழியாக அதை ஆண்டுவந்த சமூகங்கள். தங்கள் ஊருக்குப் பள்ளியும் சாலையும் தண்ணீரும் வரும் என்ற பேச்சின் பேரில் தந்தார்கள். அந்தப் பேச்சைக் காப்பாற்றப் பணம் தேடி 2017 ஜூனில் கம்பாலாவில் மாநாடு கூட்டினார்கள். இலக்கு 200 கோடி டாலர். வாக்களிக்கப்பட்டது ஏறத்தாழ 36 கோடி.

உகாண்டாவைப் புகழ்ந்தே பேசிவிட்டுப் போவது வழக்கம். அந்தத் தவறை நான் செய்யப் போவதில்லை. 2018-இல் அகதிகளின் எண்ணிக்கை ஊதிக் காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்து, எல்லாரையும் விரல்ரேகை, கருவிழி வைத்து மறுபடி எண்ணினார்கள். பதிவேட்டில் 14 லட்சம். எண்ணி முடித்தபோது 11 லட்சம். மூன்று லட்சம் பெயர்களுக்கு ஆள் இல்லை. எல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஊர் திரும்பிப் போனவரும், பெயர் கொடுத்துவிட்டு நகரத்துக்குப் போனவரும் அதில் உண்டு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும் இடத்தில், தலைகள் தாமாகவே பெருகும். எண்ணிக்கையைச் சரிபார்ப்பதைத் தொடக்கத்திலேயே தனிச் செலவாகத் திட்டத்தில் எழுதாவிட்டால், பின்னால் முழுத் திட்டத்தின் மேலும் சந்தேகம் விழும். விழுந்தது, சில ஐரோப்பிய நாடுகள் பணத்தை நிறுத்திவைத்தன.

வேலைவாய்ப்பு தருவதே நிரந்தரத் தீர்வு என்று அடுத்த அலை வந்தது. 2016 பிப்ரவரியில் லண்டனில் கூடிய சிரியா மாநாட்டையொட்டி ஜோர்டான் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது: சிரியர்கள் இரண்டு லட்சம் பேர்வரை வேலை பார்க்க வழிசெய்வோம், பதிலுக்கு மானியமும் சலுகைக் கடனும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சுலபமான ஏற்றுமதியும். குறிப்பிட்ட 18 தொழில் மண்டலங்களில் உள்ள ஆலைகளில் 15 சதவீதத் தொழிலாளர்கள் சிரியர்களாக இருந்தால், அங்கே தயாராகும் பொருளுக்குச் சுங்கச் சலுகை. தாளில் எல்லாருக்கும் லாபம். தரையில், ஆலைகள் தொலைவில் இருந்தன, கூலி குறைவு, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று பெண்கள் வரவில்லை, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யத் தயாரான நிறுவனங்களோ விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. வேலை அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறியது. புதுப்பித்த சீட்டையும் சேர்த்தே எண்ணியதால், சீட்டின் எண்ணிக்கை வேறு, வேலையில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை வேறு. ஒரே முதலாளியோடு கட்டிப்போடாமல் விவசாயத்துக்கும் கட்டுமானத்துக்கும் சீட்டு கொடுக்கத் தொடங்கியபின்தான் நிலைமை கொஞ்சம் நகர்ந்தது. சிரியர்கள் ஏற்கெனவே அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். முதலிலேயே அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லையைக் கடந்து ஓரளவு பாதுகாப்பான நாட்டுக்கு வந்தவர்களைப் பற்றி. 2024 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்த 12 கோடியே 32 லட்சம் பேரில், 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். அங்கே உதவியைத் திட்டமிடுவது கணக்கைத் தாண்டி அரசியலாகிவிடுகிறது. தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதி அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்தபோது, உதவிப் பொருள் அவர்களிடம் போனால் பயங்கரவாதத்துக்கு உதவிய வழக்கு வருமோ என்ற அச்சத்தில் பணம் சுருங்கியது. பாதுகாப்பு இல்லாததாலும் அல்-ஷபாப் விதித்த நிபந்தனைகளாலும் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியிலேயே அங்கிருந்து வெளியேறியிருந்தது. மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கை மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் என்று அறிவித்தார்கள். பெரும்பணம் அதற்குப் பிறகுதான் நகர்ந்தது. பின்னர் வந்த மதிப்பீட்டின்படி இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர். பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்குப் பொதுவிலக்கு தரும் தீர்மானத்தைப் பாதுகாப்பு சபை 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது.

இலங்கையில் இதற்கு நேர் உதாரணம் உண்டு. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. சமாதானப் பேச்சின் முன்னேற்றத்தோடு அந்தப் பணத்தை இணைத்தார்கள். சமாதானம் நகரவில்லை. சுனாமிக்குப் பிறகு, அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தை நிர்வகிக்க 2005 ஜூன் 24 அன்று ஒரு பொதுக் கட்டமைப்பு கையெழுத்தானது. அடுத்த மாதமே அதன் முக்கியப் பகுதிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கட்டமைப்பு ஒரு நாள்கூட இயங்கவில்லை. வெளியிலிருந்து வரும் பணம் சமாதானத்தை விலைக்கு வாங்கித் தந்துவிடும் என்ற எண்ணத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

போர் முடிந்தபின் அதே மண்ணில் நடந்த ஒரு திட்டம், பணத்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு நல்ல பதில். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இந்தியா பெரும் வீட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. முன்னோடியாக ஆயிரம் வீடுகளை நிறுவனங்கள் மூலம் கட்டிக்கொடுத்தது. பிறகு 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறையை மாற்றினார்கள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுதுபார்ப்புக்கு 2,50,000. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே, கட்டட வேலை நகர நகரத் தவணைகளில். செங்கல்லை அவரே பார்த்து வாங்கினார், மேஸ்திரியோடு அவரே பேரம் பேசினார். பொறியியல் உதவிக்கும் சான்றுக்கும் ஐ.நா. குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவை போன்றவை நின்றன. குறையும் உண்டு. சிமெண்ட், மணல், கூலி ஒரே நேரத்தில் ஏறியதாலும், வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீடு என்று ஓர் அறையைக் கூட்டிக்கொண்டதாலும் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன. கணவனை இழந்த பெண்களும் முதியவர்களும் தாமே நின்று வேலை வாங்குவதற்கு மிகவும் சிரமப்பட்டார்கள். இருந்தும், ஒப்பந்ததாரர் கட்டிச் சாவியைத் தரும் வீட்டைவிட இதுவே மேல் என்பேன்.

உள்ளூர் கைக்கு நேரடியாகப் பணம் என்பதை 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளிகளும் உதவி அமைப்புகளும் ஒப்புக்கொண்டார்கள். 2020-க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதம் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு கொடையாளி அரசின் அதிகாரிக்கு, ஐம்பது சிறு அமைப்புகளின் ரசீதுகளைச் சரிபார்ப்பதைவிட ஒரு பெரிய ஐ.நா. அமைப்புக்கு ஒரே காசோலையாக எழுதுவது எளிது. அது அங்கிருந்து சர்வதேசத் தொண்டு நிறுவனத்துக்கும், அங்கிருந்து உள்ளூர் அமைப்புக்கும் இறங்கும். ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவு கழியும். கைக்கே பணமாகத் தந்தாலும் பொறி உண்டு. லெபனானில் 2019-க்குப் பிறகு நாணயம் சரிந்தபோது, டாலரில் வந்த உதவி அகதியின் அட்டையில் வங்கி நிர்ணயித்த விகிதத்தில் உள்ளூர் பவுண்டாக விழுந்தது. சந்தை விகிதத்துக்கும் அதற்கும் இடையிலான தொகையில் பெரும்பங்கு வங்கிகளிடமே நின்றுபோனது. நாணய மாற்று விகிதம் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த வரியை யாரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை.

2025-இல் நிலைமை இன்னும் இறுகியது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1 முதல் யுஎஸ்எய்டு உதவித் திட்டங்களை நடத்துவதில்லை, எஞ்சிய வேலைகள் வெளியுறவுத் துறைக்குள் போய்விட்டன. அதுவரை உலகின் மிகப்பெரிய கொடையாளியாக இருந்த நாடு இப்படிச் செய்யும்போது, ஒவ்வொரு முகாமின் திட்டத்திலும் ஒரு தூண் உருவப்படுகிறது.

ஆகவே அடுத்த மாநாட்டுச் செய்தியைப் படிக்கும்போது தலைப்புத் தொகையை உடைத்துப் பாருங்கள். லண்டன் 2016-ஐயே எடுத்துக்கொள்வோம். மானிய வாக்குறுதி 1,200 கோடி டாலருக்குச் சற்று மேல். அதில் 600 கோடி அந்த ஆண்டுக்கு. 610 கோடி அடுத்த நான்காண்டுக்கு, அதாவது ஆண்டுக்கு 150 கோடி சொச்சம். அதோடு சுமார் 4,000 கோடி டாலர் கடனாக அறிவிக்கப்பட்டது. சலுகை வட்டியில் கிடைத்த பகுதி உட்பட அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர்கள், அகதிகளை ஏற்ற நாடுகளின் வரிசெலுத்துவோர்.